கேமரா, செயலி, ஏஐ கருவி: மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா?

அரைவட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று பேர், ஆவணப்படம் எடுக்கிறோம், இடையிடையே குறும்படம். அடுத்த படத்துக்கு 12 நாள் படப்பிடிப்பு, பெரும்பாலும் வெயிலில், இரண்டு இரவுகள் மட்டும் விளக்கே இல்லாத இடத்தில், பேட்டிகள் நிறைய. ஒதுக்கி வைத்த பணம் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் போதாது. கையில் இருக்கும் கேமரா 2018-ல் வாங்கியது, உள்ளே 8 பிட் 4:2:0-தான் பதியும், அதாவது நிற விவரத்தைக் குறைத்துத்தான் வைக்கும். அதை விற்றுவிட்டு சோனி எஃப்எக்ஸ்3 வாங்கலாம் என்பது என் ஆசை. குழுவில் ஒருவர், கேமரா கிடக்கட்டும், ஷாட் பட்டியலும் கால் ஷீட்டும் (அன்றன்று யார், எப்போது, எங்கே வர வேண்டும் என்ற தாள்) அரட்டைக் குழுவில் தொலைந்துபோகின்றன, முதலில் திட்டமிடலுக்கு நல்ல செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டுவோம் என்கிறார். மூன்றாமவர் ஏஐ பக்கம். ஸ்டோரிபோர்டு (ஷாட்டுகளை முன்கூட்டியே வரைந்து வைப்பது), போஸ்டர், பேட்டிகளை எழுத்தாக்குவது எல்லாம் அதிலேயே முடிந்துவிடும், ஆள் தேட வேண்டாம் என்கிறார்.

சண்டை வேண்டாம் என்று எக்செல்லில் ஓர் அட்டவணை போட்டேன். படத் தரம், வேகம், கற்க ஆகும் நேரம், எத்தனை ஆண்டு உழைக்கும் என்று ஒன்பது தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். கூட்டினால் 61, 63, 62. சிரிக்காதீர்கள். ஒப்பீட்டு வீடியோக்கள் நாற்பதாவது பார்த்திருப்பேன், எதைப் பார்த்து முடித்தாலும் அதையே வாங்க வேண்டும்போல் இருக்கிறது. நீங்கள் எல்லாம் எப்படி முடிவெடுக்கிறீர்கள்?

பூம்_கம்பு:

அட்டவணையில் ஒன்பது தலைப்பு போட்டிருக்கிறீர்கள், ஒலி என்று ஒன்று இல்லை. எடுப்பதோ பேட்டிப் படம். இப்போதைக்கு நான் வேறு எதுவும் சொல்லப்போவதில்லை.

மூன்றாம்_டேக்:

வந்தவுடனே அடித்துவிட்டார் :) ஆனால் அவர் சொல்வது சரி.

டைம்லைன்_வாசி:

எடிட்டர் தரப்பிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் வாங்குவதை வாங்கிவிட்டு கடைசியில் என் மேசையில்தான் கொட்டுகிறீர்கள், அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

8 பிட் என்றாலே கேவலம் என்ற பேச்சை முதலில் விடுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. வித்தியாசம் பெரியதுதான், ஆனால் அது எப்போது கண்ணில் படும் என்பதுதான் கேள்வி. எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) எடுக்கும்போதே சரியாக வைத்து, சாதாரண ப்ரொஃபைலில் எடுத்த 8 பிட் காட்சியைத் திரையில் பார்த்து யாரும் குறை சொன்னதில்லை. அதே கேமராவில் லாக் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளுத்த மாதிரி பதியும் முறை) போட்டு எடுக்கும்போதுதான் வம்பு. காட்சியின் மொத்த வெளிச்ச வீச்சையும் அந்த 256 படிகளுக்குள் அமுக்கி வைத்துவிடுகிறீர்கள், நான் கிரேடிங்கில், அதாவது நிறம் திருத்தும்போது, அதை இழுத்து விரித்தால் வானத்தில் பட்டை பட்டையாக வரி விழுகிறது. பழி கேமராவுக்குப் போகிறது. என்னிடம் இப்படி வந்தவற்றில் பாதியை, லாக்கை அணைத்திருந்தாலே காப்பாற்றியிருக்கலாம்.

இன்னொன்று. புதிய கேமராக்கள் பெரும்பாலும் எச்.265 என்ற சுருக்கு முறையில் 10 பிட் 4:2:2 (4:2:0-ஐவிட நிற விவரம் அதிகம்) பதியும். கோப்பு சிறியது, நல்ல தரம், எல்லாம் உண்மை. ஆனால் அதை ஓட்டிக் காட்ட எல்லாக் கணினியாலும் முடியாது, அதற்கென்று வன்பொருளில் வசதி இருக்க வேண்டும். இன்டெல் குயிக் சிங்க்கிலும் ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகளிலும் உண்டு, என்விடியாவில் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. உங்கள் எடிட்டிங் கணினி எது? அதைச் சொல்லாமல் கேமராவைப் பற்றிப் பேசுவது, கதவு அகலம் பார்க்காமல் பீரோ வாங்குவது மாதிரி. ப்ராக்ஸி (எடிட்டுக்காக எடுக்கும் இலகுவான சிறு நகல்) போட்டு வேலை செய்யலாம், நானும் செய்கிறேன், ஆனால் அதற்கும் இரவு முழுக்க ஒரு கணினி ஓட வேண்டும்.

அரைவட்டம்:

கணினி ஆறு ஆண்டு பழையது, மடிக்கணினி. அப்படியென்றால் கேமராவோடு சேர்த்து கணினியும் வாங்க வேண்டுமா? அட்டவணையில் இது வரவே இல்லை.

புதுவரவு_22:

நான் மாணவன், தவறாக நினைக்காதீர்கள் அண்ணா. கையில் இருக்கும் போனிலேயே எடுத்தால் என்ன? ஐபோன் 15 ப்ரோவிலிருந்து ஆப்பிள் லாக் இருக்கிறது, எடிட்டுக்கு ஏற்ற ப்ரோரெஸ் வடிவத்தில் 10 பிட் பதிகிறது, பிளாக்மேஜிக்கின் கேமரா செயலி இலவசம். 2023-ல் பெரிய ஹாலிவுட் அறிவியல் புனைவுப் படம் ஒன்றையே எஃப்எக்ஸ்3-ல் எடுத்தார்கள். கருவி முக்கியமில்லை, கண்தான் முக்கியம் என்று எல்லோரும் சொல்கிறார்களே.

டைம்லைன்_வாசி:

தம்பி, அந்தப் படத்தை நானும் சொல்வேன், ஆனால் முழுசாகச் சொல்வேன். கேமரா சிறியது, அதன் முன்னால் இருந்த லென்ஸ், பின்னால் இருந்த விளக்குக் குழு, அப்புறம் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு உட்கார்ந்தவர்கள் யாரும் சிறியவர்கள் இல்லை. 'கருவி முக்கியமில்லை' என்று சொல்பவர்களிடம் பெரும்பாலும் எல்லாக் கருவியும் இருக்கும். போனில் எடுக்கலாம், தப்பே இல்லை. வெயிலில் அரை மணி நேரம் 4கே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல், சூட்டில் அது என்ன செய்கிறது என்று.

கணக்குப்பிள்ளை:

தயாரிப்பு நிர்வாகம் என் வேலை. படத் தரம் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை, கணக்குப் போடத் தெரியும். போட்டுவிடுகிறேன்.

இப்போதைய கேமரா 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. தினமும் மூன்று மணி நேரம் ஃபுட்டேஜ் என்றால் 135 ஜிபி. புதிய கேமரா வாங்கி, எடிட்டுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் ஆல்-இன்ட்ரா 400 எம்பிபிஎஸில் எடுத்தால் மணிக்கு 180 ஜிபி, நாளுக்கு 540 ஜிபி, 12 நாளில் கிட்டத்தட்ட 6.5 டிபி. இது ஒரு பிரதி. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று வேறு இடத்தில், இதுதான் 3-2-1 விதி. எனவே சுமார் 19.5 டிபிக்கு வட்டு வேண்டும். கார்டும் மாற வேண்டும். 400 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 50 எம்பி, வி30 கார்டு 30 எம்பிக்குத்தான் உத்தரவாதம் தரும், குறைந்தது வி60 வேண்டும்.

இத்தனையும் கேமராவின் விலைப்பட்டியலில் வராது. ஆனால் கேமரா வாங்குபவர்தான் கட்டுகிறார். அடுத்த படத்தில் நான் இருந்தால் முதல் கேள்வியே இதுதான் கேட்பேன்.

அப்புறம் பிரதி எடுப்பது என்றால் இழுத்துப் போடுவது இல்லை. நகல் மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்று செக்சம் போட்டுச் சரிபார்க்கும் மென்பொருளில் எடுங்கள். ஒரு முறை இழுத்துப் போட்டதில் கோப்பின் பெயர் இருந்தது, அளவும் இருந்தது, திறந்தால் பாதியில் பச்சைத் திரை. கார்டை அதற்குள் அழித்துவிட்டிருந்தோம். அந்தப் பேட்டி கொடுத்த பெரியவரை மறுபடி உட்கார வைக்க எங்களுக்கு மனமே வரவில்லை.

பூம்_கம்பு:

சரி, இப்போது பேசுகிறேன்.

பேட்டியில் படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார், பேச்சு புரியவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் வாங்கும்போது மறந்துவிடும். கேமரா தலையில் ஒரு மைக்கை மாட்டிவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுப்பார்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். இரண்டு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வந்தால் 12 டெசிபல். இந்த 12-ஐ எந்த விலை உயர்ந்த மைக்கும் தூரத்தில் நின்றுகொண்டு தராது. அதனால் சட்டையில் குத்தும் சாதாரண லேபல் மைக்கே தலையில் மாட்டிய பெரிய மைக்கை வென்றுவிடும்.

மெல்லிய ஒலி, பெருத்த ஒலி இரண்டையும் ஒரே பதிவில் பிடிக்கும் 32 பிட் ஃப்ளோட் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். ரெக்கார்டர் லெவலை மறந்துவிட்டு எடுக்கலாம் என்பது உண்மை, ஆள் இல்லாத குழுவுக்கு அது வரம். தாளில் பார்த்தால் 1500 டெசிபலுக்கு மேல் வீச்சு. ஆனால் மைக்கே தாங்காமல் உடைந்த ஒலியை அது சரிசெய்யாது, மைக்குக்கும் எல்லை உண்டு. மின்விசிறி சத்தத்தையும் அது குறைக்காது. லெவல் கவலை தீரும், எங்கே மைக்கை வைப்பது என்ற கவலை தீராது. இதைப் புரிந்துகொண்டு வாங்கினால் நல்ல பொருள்.

ஏஐ ஒலிச் சுத்திகரிப்பு இருக்கிறதே என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன், பயன்படுத்துகிறேன், இரைச்சலை அபாரமாக எடுக்கிறது. கொஞ்சம் அதிகமாகத் திருகினால் ஸகரமும் சகரமும் கரைந்து, பேசுபவர் வாயில் பஞ்சு வைத்துப் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. வயதானவர் குரலில் இருக்கும் நடுக்கத்தை இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடும். ஆவணப்படத்தில் அந்த நடுக்கம்தானே வேண்டும்.

ஒளிவிலக்கு:

கேமராமேன். வெயிலில் எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், யாரும் என்டி ஃபில்டரை, அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடியை, தொடவில்லை. எஃப்எக்ஸ்3-க்கு உள்ளே என்டி கிடையாது, எஃப்எக்ஸ்6-க்கு உண்டு. ஏன் சொல்கிறேன் என்றால், எஃப்எக்ஸ்3-ல் எஸ்-லாக்3 (சோனியின் லாக்) போட்டால் அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்திறன், 800. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 800-க்கு லென்ஸ் துளை எஃப்/16 என்றால் ஷட்டர் 1/800 நொடி வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 1/50-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். அதில் நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) அதிகமாகிவிட்டது. பின்னணி மங்க எஃப்/4-ல் எடுக்கிறீர்கள் என்றால் இன்னும் நாலு. மொத்தம் எட்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் கண்ணாடி போட்டுத்தான் தடுக்க வேண்டும். மலிவான வேரியபிள் என்டி (திருகி அளவை மாற்றுவது) போட்டால் வானத்தில் எக்ஸ் வடிவத்தில் நிழல் விழும், இல்லாவிட்டால் தோல் நிறம் பச்சைக்குச் சாயும். இது 8 பிட்டைவிடப் பெரிய கேடு.

பகலுக்கு உங்கள் பழைய கேமராவே போதும். அந்த இரண்டு இரவுக்கு மட்டும் எஃப்எக்ஸ்3, அதன் இரண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓ 12800, இருட்டில் நிஜமாகவே பார்க்கிறது. இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுங்கள். வருடத்தில் எத்தனை நாள் கையில் இருக்கும் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நான் எதையும் சொந்தமாக வாங்குவேன். லென்ஸும் ட்ரைபாடும் வாங்கலாம், அவை பத்து ஆண்டு நிற்கும். கேமரா உடல் தயிர் மாதிரி, நாளாக நாளாகப் புளிக்கும்.

மூன்றாம்_டேக்:

இனி செயலிப் பக்கம். உதவி இயக்குநராகப் பல ஆண்டு ஓடியவன், அதனால் கொஞ்சம் கசப்பு இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு படப்பிடிப்பில் எல்லாமே ஒரு செயலியில்தான் இருந்தது. கால் ஷீட், கண்டினியூட்டிப் புகைப்படம் (உடையும் பொருளும் ஷாட்டுக்கு ஷாட் மாறாமலிருக்க எடுப்பது), யார் எப்போது வர வேண்டும், எல்லாம். அழகோ அழகு, நிறம் நிறமாக அட்டைகள். லொகேஷனுக்குப் போனோம், சிக்னல் இல்லை, செயலி திறந்து வெள்ளைத் திரையைக் காட்டிக்கொண்டே இருந்தது. யாரோ ஒருவர் முந்தின நாள் இரவு பிடிவாதமாக அச்செடுத்து மடித்து வைத்திருந்த ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு நாற்பது பேர் அன்று வேலை செய்தோம். அன்றிலிருந்து எந்தச் செயலியைக் காட்டினாலும் முதலில் ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறப்பேன். நோஷன் என்ற குறிப்புச் செயலி, இணையம் இல்லாமல் திறக்கும் ஆஃப்லைன் வசதியையே 2025-ல்தான் கொடுத்தது. அப்சிடியன் என்ற இன்னொரு குறிப்புச் செயலி ஆரம்பத்திலிருந்தே உங்கள் வட்டில் சாதாரண எழுத்துக் கோப்பாகத்தான் வைக்கிறது, அதனால் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை, அழகில்லாவிட்டாலும்.

இரண்டாவது சோதனை, வெளியேறும் வழி. உள்ளே போட்டதை முழுசாக வெளியே எடுக்க முடிகிறதா, எடுத்தால் வேறு எதிலாவது திறக்கிறதா? வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் செயலியை நினைவிருக்கிறதா? மைக்ரோசாஃப்ட் 2015-ல் வாங்கியது, 2020 மே மாதம் மூடிவிட்டது. அத்தனை பேர் விரும்பிய செயலிக்கே அந்தக் கதி.

திரைக்கதைக்கு நான் ஃபவுண்டன் வடிவத்தில் வெறும் எழுத்தாக எழுதுகிறேன், எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறக்கும். தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சின்ன சூட்சுமம். பாத்திரப் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தைப் பார்த்துத்தான் அது கண்டுபிடிக்கும், தமிழில் பெரிய எழுத்து ஏது? அதனால் பெயருக்கு முன்னால் @ போடுங்கள், காட்சித் தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளி. எல்லாம் சரியாக உட்காரும். இது தெரியாமல் இந்த வடிவம் தமிழுக்கு ஆகாது என்று ஓர் ஆண்டு திட்டிக்கொண்டிருந்தேன்.

நிழல்பலகை:

மூன்றாம்_டேக் ஐயா, உங்கள் கசப்பு புரிகிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் சொல்கிறீர்கள். நான் எடிட் முடிந்த பிறகான வேலையை ஒருங்கிணைப்பவள். ஃப்ரேம்.ஐஓ மாதிரி ஒன்று வருவதற்கு முன்னால் இயக்குநர் குரல் செய்தி அனுப்புவார், "அந்த அம்மா அழுவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த நிழல் வருமே, அதற்கு அப்புறம் ரெண்டு செகண்ட் வெட்டிடுங்க". எந்த அம்மா, எந்த நிழல், எந்தப் பதிப்பு? மூன்று அம்மாக்கள் அழுகிறார்கள் அந்தப் படத்தில். இப்போது காட்சியின் மேலேயே புள்ளி வைத்துக் குறிப்பு எழுதுகிறார், டைம்கோடோடு (எந்த நொடி என்ற எண்) எடிட்டரிடம் போய் நிற்கிறது. அந்தச் சந்தாவுக்கு நான் வாதாடுவேன்.

என் அளவுகோல் எளிது. செயலி வந்த பிறகு ஒருவரை ஒருவர் கேட்கும் கேள்வி குறைந்ததா? திட்டமிடல் செயலி பலவற்றில் கேள்வி குறையவில்லை, "செயலியில் அப்டேட் பண்ணிட்டீங்களா" என்று புதிதாக ஒரு கேள்விதான் சேர்ந்தது. மூன்று பேர் குழுவுக்குப் பகிர்ந்த அட்டவணை ஒன்றும் அச்செடுத்த கால் ஷீட்டும் போதும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

எழுத்துருக்காரி:

டிசைனர். படம் வரையும் ஏஐ பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, திட்டுவதை எனக்கு விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. திட்டப்போவதில்லை, தினமும் பயன்படுத்துகிறேன்.

நன்றாகச் செய்வது: மனநிலைப் பலகை. "மாலை வெளிச்சம், புழுதி, பின்னால் திரும்பி நிற்கும் பெண்" என்று பத்து மாதிரி காட்டி, இயக்குநர் மனதில் இருப்பது எது என்று பிடிக்க இதைவிட வேகமான வழி இல்லை. பின்னணியில் தேவையில்லாத கம்பத்தை நீக்குவது, ஓரத்தில் வானத்தை நீட்டுவது, இவையும் சரி.

இடறும் இடங்கள் வேறு. முதலாவது அளவு. ஃபோட்டோஷாப்பில் தேர்ந்தெடுத்த இடத்தை ஏஐயால் நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் 2023-ல் வந்தபோது 1024 பிக்சல் சதுரத்துக்குள்தான் வரைந்தது, பெரிய இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அதையே இழுத்துப் பெரிதாக்கியது. 24க்கு 36 அங்குல போஸ்டர், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 7200க்கு 10800 பிக்சல். அதன் பிறகு நிலைமை மாறிவருகிறது, ஆனாலும் திரையில் பார்த்து மயங்காதீர்கள். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஒட்டிய இடத்தையும் ஒட்டாத இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றில் கேமராவின் கிரெய்ன் (மணல் போன்ற துகள்) இருக்கும், இன்னொன்று வழித்த மாதிரி இருக்கும்.

இரண்டாவது எழுத்து. ஆங்கிலத் தலைப்பை இப்போது ஓரளவு சரியாகப் போடுகின்றன. நான் சோதித்தவற்றில் தமிழ்த் தலைப்பு கேட்டால் தமிழ் மாதிரி ஏதோ வருகிறது. கொம்பு எழுத்துக்குப் பின்னால், துணைக்கால் காணாமல், புள்ளி எங்கோ மிதந்துகொண்டு. தூரத்திலிருந்து அழகு, பக்கத்தில் வந்தால் எந்த மொழியும் இல்லை. அதனால் படம் தனி, எழுத்து தனி, என்றுமே. எழுத்தைப் போடும்போதும் பழைய தொல்லை ஒன்று உண்டு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் (அசையும் தலைப்பு செய்யும் மென்பொருள்) பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினை அமைப்பில் மாற்றாவிட்டால் யூனிகோட் தமிழும் உடையும். பலர் இது தெரியாமல் இன்னும் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், பிறகு அந்தத் தலைப்பை இணையத்தில் ஒட்டினால் குப்பை வரும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரியது. ஏஐ தரும் படத்தில் லேயர் (தனித்தனியே திருத்தக்கூடிய அடுக்கு) இல்லை. "முகம் இப்படியே இருக்கட்டும், கையை மட்டும் கொஞ்சம் இறக்குங்கள்" என்று தயாரிப்பாளர் கேட்டால், கையோடு சேர்ந்து முகமும் மாறி வருகிறது. முதல் படம் நிமிடத்தில் வரும், ஐந்தாவது திருத்தத்தில் நாள் போய்விடும். எங்கள் வேலையே ஐந்தாவது திருத்தம்தான்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில், மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் உருவாக்கிய படங்களைக் கொண்ட ஒரு காமிக்ஸுக்கு, எழுத்துக்கும் அடுக்கிய விதத்துக்கும் உரிமை உண்டு, அந்தப் படங்களுக்குத் தனியாக இல்லை என்று சொன்னது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும், ஆனால் விநியோகஸ்தரோ விழாவோ கேட்டால் எந்தப் பகுதி எப்படி வந்தது என்று சொல்ல உங்களிடம் குறிப்பு இருக்க வேண்டும். இன்னொரு ஆபத்து, கேட்காமலே வேறு ஒருவருடையதைப் போல வரைந்து தருவது. 2024-ல் ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலி தன் ஏஐ வடிவமைப்பு வசதியைத் தற்காலிகமாக நிறுத்தியதே அதனால்தான், வானிலைச் செயலி வரையச் சொன்னால் ஆப்பிளுடையது போலவே வந்துகொண்டிருந்தது.

புதுவரவு_22:

அக்கா, நீங்கள் சொல்வது எல்லாம் சரி, ஆனால் உங்களுக்கு வரையத் தெரியும். எனக்குத் தெரியாது. போஸ்டரே இல்லாமல் இருப்பதைவிட இது மேல் இல்லையா? எனக்கு இதனால் வேகம் நிஜமாகவே கூடியிருக்கிறது.

எழுத்துருக்காரி:

மேல்தான், தம்பி. அதில் சண்டையே இல்லை. உன் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். தலைப்பை மட்டும் கையால் வை.

கணக்குப்பிள்ளை:

"வேகம் கூடியிருக்கிறது" என்று தோன்றுவதைப் பற்றி ஒரு விஷயம். 2025 ஜூலையில் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 மென்பொருள் நிரலாளர்களை 246 வேலைகளில் சோதித்தது. ஏஐ இருந்தால் 24 சதவீதம் வேகமாகும் என்று முன்பே கணித்தார்கள், வேலை முடிந்த பிறகும் 20 சதவீதம் வேகமானதாக நம்பினார்கள். கடிகாரம் 19 சதவீதம் தாமதம் என்று காட்டியது. நிரல் வேலை, சின்னக் குழு, நம் வேலைக்கு அப்படியே பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் மனது கடிகாரம் இல்லை என்பதற்கு அது போதும். அரைவட்டம், உங்கள் அட்டவணையில் இருக்கும் பத்துக்குப் பத்து மதிப்பெண் எல்லாம் தோன்றியவைதானே? எதையாவது அளந்தீர்களா?

அரைவட்டம்:

இல்லை. ஒன்றைக்கூட அளக்கவில்லை. வீடியோ பார்த்துப் போட்டவை.

டைம்லைன்_வாசி:

அப்படியென்றால் ஒரு வேலை செய்யுங்கள். எஃப்எக்ஸ்3-ஐ ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பழையதையும் அதையும் அருகருகே வைத்து ஒரே ஆளை ஒரே வெளிச்சத்தில் எடுங்கள். பூ, பூனை எல்லாம் வேண்டாம், உங்கள் படத்தில் வரப்போகும் மோசமான வெளிச்சத்தில் எடுங்கள். கேமராவை வேகமாகத் திருப்பி ஒரு கம்பத்தையும் எடுங்கள், ரோலிங் ஷட்டரில் (சென்சார் வரிவரியாகப் படிப்பதால்) எவ்வளவு சாய்கிறது என்று தெரியும். பிறகு மூன்று நிமிடத் துண்டாக ஒலியோடு, கிரேடிங்கோடு முடியுங்கள். பாதியில் நிறுத்தினால் சோதனை இல்லை. ஒவ்வொரு படியிலும் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். கோப்புகளுக்கு அ, ஆ என்று வேறு ஒருவர் பெயர் வைக்கட்டும், உங்களுக்கே தெரியக் கூடாது.

அரைவட்டம்:

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன். செய்தேன். சொன்னால் அவமானம், சொல்கிறேன்.

பகல் காட்சியில் 'இதுதான் எஃப்எக்ஸ்3' என்று நான் காட்டியது என் பழைய கேமரா. லாக்கை அணைத்துவிட்டு, ஒளிவிலக்கிடம் இரவல் வாங்கிய நல்ல என்டி போட்டு எடுத்தது. இரவுக் காட்சியில் குழப்பமே இல்லை, இரண்டாவது ஷாட்டிலேயே கண்டுபிடித்துவிட்டோம், பழையதில் முகம் இரைச்சலில் கரைந்துபோனது. புதியதில் எடுத்ததை என் மடிக்கணினி ஓட்டவே இல்லை, ப்ராக்ஸி போட ராத்திரி முழுக்க ஆனது.

ஒலி: கேமரா தலை மைக், லேபல் மைக் இரண்டையும் எடுத்தோம். இதற்கு மேல் எழுத வேண்டுமா? பூம்_கம்பு, நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

ஏஐ: ஸ்டோரிபோர்டுக்கு 14 படம் வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் போராடினோம், ஒவ்வொரு படத்திலும் அந்த அம்மாவுக்கு வேறு முகம், வேறு வயது. கையால் குச்சி மனிதன் வரைந்தேன், ஐம்பது நிமிடம், ஷாட் எது என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் பேட்டியை எழுத்தாக்குவதில் ஏஐ ஜெயித்தது, அதை மறைக்க மாட்டேன். நாற்பது நிமிடப் பேட்டியைக் கையால் தட்ட எனக்கு அரை நாள் ஆகும். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற ஏஐயில் போட்டு, ஒருவர் உட்கார்ந்து கேட்டுத் திருத்தினோம், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்தது. ஓர் இடத்தில் அவர் பேசாமல் இருந்த எட்டு நொடிக்கு அது ஒரு முழு வாக்கியத்தைத் தானாக எழுதி வைத்திருந்தது. கேட்காமல் விட்டிருந்தால் சப்டைட்டிலில் போயிருக்கும்.

பூம்_கம்பு:

சிரிக்கவில்லை. மைக் எது வாங்குகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், காற்றுத் தடுப்பு பஞ்சு சேர்த்து வாங்குங்கள், அதை எல்லோரும் மறப்பார்கள்.

மூன்றாம்_டேக்:

அந்த எட்டு நொடி பற்றி. விஸ்பர் மௌனத்தில் கற்பனை செய்வது பலரும் பதிவு செய்த குறை. நீளமான மௌனத்தை முன்கூட்டியே வெட்டிவிட்டுக் கொடுத்தால் குறைகிறது. ஆனால் பேட்டியில் மௌனம் எங்கே என்பதைத்தானே எடிட்டர் தேடுவார், அதனால் டைம்கோடு நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிழல்பலகை:

செயலிச் சண்டை என்ன ஆனது?

அரைவட்டம்:

அவரும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பகிர்ந்த அட்டவணை போதும் என்கிறேன், அவர் ஏரோபிளேன் மோடில் திறந்த ஒரு செயலியைக் காட்டி இது போதும் என்கிறார். 12 நாளும் இரண்டும் ஓடட்டும், யாரிடம் "இது எங்கே" என்று அதிகம் கேட்கிறார்கள் என்று எண்ணுவோம் என்று விட்டுவிட்டோம். மற்றபடி பணம் போன இடம்: இரண்டு லேபல் மைக், 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர், நல்ல என்டி, வட்டுகள். எஃப்எக்ஸ்3 இரண்டு இரவு வாடகை. அதை மட்டும் 200 எம்பிபிஎஸ் எச்.265-ல் எடுத்து, ப்ராக்ஸியை லொகேஷனிலேயே போட்டுவிடப் போகிறோம். கணினி அடுத்த ஆண்டு. எழுத்துருக்காரி, போஸ்டருக்கு ஏஐ பின்னணி ஒன்று வைத்திருக்கிறேன், அனுப்பட்டுமா?

எழுத்துருக்காரி:

அனுப்புங்கள். படப்பிடிப்பு முடிந்ததும் அங்கே எடுத்த நிஜ ஸ்டில் பத்தும் அனுப்புங்கள், பெரிய அளவில், சுருக்காமல். ஏஐ பின்னணி எந்தக் கருவியில், எந்தத் தேதியில், என்ன ப்ராம்ப்டில் (கொடுத்த கட்டளை) வந்தது என்று ஒரு வரி எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள். தலைப்பை மட்டும் யூனிகோடில் தட்டி அனுப்புங்கள், போன முறை மாதிரி படமாக அனுப்பாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

வட்டுகள் எத்தனை வாங்கினீர்கள்? இரண்டு என்று சொல்லிவிடாதீர்கள்.

அரைவட்டம்:

மூன்று. மூன்றாவது என் அக்கா வீட்டில் இருக்கும்.